கட் சொல்லாத காட்சி

கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸ் கையிலிருந்து எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர் காலை இழுத்துக்கொண்டு, "என்னாங்க டீச்சர், பாத்து" என்ற பிறகுதான் கை காலியாக இருப்பதே உறைத்தது.

நான் குனிந்து தேடவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

அட்டன் தியேட்டரில் மதியக் காட்சி. வெளியே மழை. உள்ளே ஈரக் குடைகளின் வாடையும் மரவள்ளிச் சிப்ஸ் வாடையும். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தேயிலை மலை. அதன் குறுக்குப் பாதையில் ஒரு பெண் ஓடி வருகிறாள். தலையில் மாட்டிய கூடை முதுகில் குதிக்கிறது. கொழுந்து சிதறுகிறது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு காலைத் தட்ட, விழுகிறாள், எழுகிறாள், மறுபடி ஓடுகிறாள். வாய் திறந்தபடியே இருக்கிறது. அந்த அலறல் தியேட்டரின் நாலு மூலையிலிருந்தும் வந்தது.

பின்வரிசையில் ஓர் இளைஞன் தன் நண்பனிடம் சொன்னான். "யாருடா இந்தப் பொம்பள? பின்னிட்டா. ஹீரோயினெல்லாம் தூசு."

அந்தப் பெண் நடிகை இல்லை. லிந்துலைப் பக்கம், நான் பிறந்த அதே தோட்டத்தில், எங்கள் பழைய லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயத்தில் இருக்கிற புஷ்பம் அக்கா. அவர் நடிக்கவும் இல்லை. தன் புருஷன் செத்துப்போய்விட்டார் என்று நினைத்து ஓடி வந்தார். அது படமாகிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எழுந்து நின்று, "நிப்பாட்டுங்க! அத நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டேன். வகுப்பறையில் பழகிய தொண்டை. தியேட்டரே திரும்பிப் பார்த்தது. ஒருவன் விசிலடித்தான். "மிஸ், இது ஸ்கூல் இல்ல மிஸ்" என்றது ஒரு குரல். அதற்குள் காட்சி மாறி, கதாநாயகி ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வாரம், நான் படிப்பித்த முதல் பள்ளிக்கூடத்தையும் அதன் கூரையில் குடியிருந்த குரங்குகளையும் பற்றி எழுதுவதாக இருந்தேன். குரங்குகள் மன்னிக்க வேண்டும். சென்ற வாரம் எழுதிய பீலிக்கரைத் தண்ணீர்ச் சண்டையைப் படித்துவிட்டு, "அந்த வாயாடி எங்க அத்தைதானே?" என்று கேட்ட வாசகரும் மன்னிக்க வேண்டும். இதை இறக்கி வைக்காமல் வேறொன்றை எழுதக் கை வரவில்லை. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பத்தியால் அதற்கு ஒரு டிக்கெட்கூட அதிகமாக விற்கக் கூடாது.

துரை விட்டுப்போன பெட்டி

என் தாய்மாமா தலவாக்கலையில் வீடியோக் கடை வைத்திருந்தார். கல்யாணக் கேசட்டுகளும் சண்டைப் படங்களும்தான் அங்கே ஓடும். தோட்டத்தை நிர்வகித்த துரை ஒருவர் பங்களாவிலிருந்து மாற்றலாகிப் போனபோது ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனார். பங்களாச் சமையல்காரர் அதைத் தூக்கி வந்து மாமாவிடம் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒருவரும் வாடகைக்கு எடுக்கவில்லை. அதனால் எனக்கு இலவசம்.

பள்ளிக்கூடம் விட்டதும், பஸ் வரும்வரை கடையின் பின்னறையில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு வார்த்தை புரியாது. புரியாததால் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. தொப்பி போட்ட ஆண்கள். ஜன்னல் சட்டங்களின் நிழல் கோடு கோடாக முகத்தில் விழும். தெருவெல்லாம் மழை. எந்நேரமும் இரவு. படம் தொடங்கும்போதே செத்துக்கிடக்கும் ஒருவன், தான் எப்படிச் செத்தேன் என்று தானே கதை சொல்லத் தொடங்குவான். ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வருவாள். அவள் கடைசிப் படிக்கு வருவதற்குள் அவன் கதை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மாமா எட்டிப் பார்த்து, "என்னாடி இது, கரண்டு வெட்டுன ஊருல போயி எடுத்த படமா?" என்பார்.

பிற்பாடு பல்கலைக்கழகத்தில்தான் அந்த வகைக்கு 'நுவார்' என்று பெயர் இருப்பது தெரிந்தது. பிரெஞ்சு மொழியில் கறுப்பு என்று பொருள். வெளிச்சம் குறைவு என்பதற்காக மட்டும் வைத்த பெயரில்லை அது. அந்தப் படங்களில் முழு நல்லவர் என்று யாரும் கிடையாது. எல்லார் மேலும் கொஞ்சம் கறை இருக்கும். கடைசியில் யாரும் தப்ப மாட்டார்கள். முக்கியமாக அந்தப் பெண் தப்பவே மாட்டாள்.

எனக்கு அதில்தான் கோபம். ஆண் தன் ஆசையால் கெடுவான். பழி அவளுக்கு, துப்பாக்கிக் குண்டும் அவளுக்கு. "அவ என்னாடா செஞ்சா, நீதானே பின்னாடியே போன" என்று அந்தப் பின்னறையில் உட்கார்ந்து டி.வி.யோடு சண்டை பிடித்திருக்கிறேன். மாமா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார் என்பது தனிக் கதை.

வெள்ளை இருட்டு

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், சென்னையிலிருந்து ஒரு குழு எங்கள் தோட்டத்துக்குப் படம் எடுக்க வந்தபோது, நான் ஏன் அப்படி மயங்கினேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

கதாநாயகிக்கு எங்கள் பேச்சைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வசனத்தை வாங்கிப் பார்த்தால், பாதி யாழ்ப்பாணப் பேச்சு. "தம்பி, நாங்க இப்படிப் பேச மாட்டோமே" என்றேன். இயக்குநர் இளவயதுக்காரர். ஜெர்கின்மேல் ஜெர்கின் போட்டும் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார். "அப்ப எல்லாத்தையும் மாத்திடலாம் டீச்சர்" என்று உடனே பேனாவை எடுத்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கதையைக் கேட்டதும் இன்னும் பிடித்தது. தோட்டத்து மருந்தகத்து டாக்டர் ஒருவர் தேயிலைக் காட்டில் செத்துக்கிடக்கிறார். அவர் குரலே கதை சொல்கிறது. புதிதாக வந்த துரையின் மனைவி பங்களாப் படிகளில் இறங்கி வருகிறாள், டாக்டர் மயங்குகிறார். கொஞ்ச நாளில் துரை விஷத்தால் சாகிறார். எல்லாம் என் மாமாவின் பின்னறையில் பார்த்தவைதான்.

"இது நுவாரேதான் தம்பி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஆனா ஒரு சீன்கூட நைட்ல கிடையாது டீச்சர். அங்க பயம் இருட்டுலேர்ந்து வரும். நான் பனிமூட்டத்துலேர்ந்து கொண்டுவரப் போறேன். கண்ணு முன்னாடி பட்டப்பகல், ஆனா ஒண்ணும் தெரியாது."

வெள்ளை இருட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். பத்தடிக்கு முன்னால் நிற்கிற தேயிலைச் செடி தெரியாத பனியில் வளர்ந்தவள் நான். அதைப் போய் யாரும் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் சொன்னதும் சரியென்று பட்டது.

அதைவிடப் பெரிய மாற்றம் கடைசியில் இருந்தது. செத்தவன் குரல் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் பொய் என்று தெரியவரும். அவள் அவனை மயக்கவே இல்லை. விஷம் வைத்தது அவனேதான், தன் ஆசைக்காக. பழியை மட்டும் அவள்மேல் போட்டுக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். படத்தின் முடிவில் அவள் தலவாக்கலை ஸ்டேஷனில் உயிரோடு ரயிலேறுகிறாள். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கேட்டுவிட்டுக் கை தட்டினேன். என் பின்னறைச் சண்டைக்கு ஒருவன் இவ்வளவு காலம் கழித்துப் பதில் எழுதி வந்திருக்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அடி

துரை செத்த சேதியைத் தோட்டத்துக்குச் சொல்ல, படத்தில் பறையில் சாவுத் தப்பு அடிக்க வேண்டும்.

திருவிழாத் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு. எங்கள் தோட்டத்தில் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த அடியைக் கேட்ட மாத்திரத்தில் கையை நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. செத்தது யார் என்றும் கேட்பதில்லை. வாயால் பேரைச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். வீட்டில் சீக்காளி இருப்பவள் முதலில் ஓடுவாள். மற்றவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி நின்று, பிறகு பின்னால் நடப்பார்கள். ஓடுகிறவளைப் பார்த்துத்தான் எந்த வீடு என்று தெரிந்துகொள்வார்கள்.

தப்படிக்கும் காத்தமுத்து அண்ணன் முதலில் முடியாது என்றார். "ஆளு சாகாம அந்த அடி அடிக்கக் கூடாதுங்க. அடிச்சா, அது ஆளக் கேக்கும்."

இயக்குநர் கெஞ்சினார். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். மலையில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, "அத நான் பாத்துக்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டார். சொன்னபடி மலைமலையாகப் போய்ச் சொல்லியும் வந்தார். ஆனால் அன்று காலைப் பெரட்டில், ஆளுக்கு வேலை பிரித்தபோது, நாலைந்து பேரை மட்டும் ஆற்றுக்கு மேலே உள்ள மலைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அவர்களை யாரும் நினைக்கவில்லை. யார் குற்றம் என்று லயத்தில் இன்னும் பேசி முடியவில்லை.

அந்த நாலைந்து பேரில் புஷ்பம் அக்கா ஒருவர். அவர் புருஷன் சிவலிங்கம் அண்ணன் அப்போது படுத்த படுக்கை.

நான் கூடாரத்துக்குள் கதாநாயகிக்கு, "போயிட்டு வர்றேங்க" என்பதை எப்படி இழுப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். தப்பு தொடங்கியது. பொய்யென்று தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்குரல் மலையிலிருந்து இறங்கி வந்தது.

"ரிகர்சலா டீச்சர்?" என்று கேட்டாள் கதாநாயகி. நான் ஓடினேன்.

பாதையின் நடுவே படக்குழுப் பையன்கள் இரண்டு பேர் அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, படம்க்கா! சும்மாக்கா!"

"வுடுங்கடா! அவரு போயிட்டாருடா! வுடுங்க!"

முட்டியில் ரத்தம். கூடை இன்னும் முதுகில். தோளைப் பிடித்து உலுக்கினேன். "அக்கா, என்னயப் பாருங்க. அண்ணன் இருக்காரு. இது படத்துக்கு அடிச்சது." அவருக்கு அது காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தலைக்குமேல் ஏதோ வண்டு மாதிரி இரைந்தது. ட்ரோன் கேமரா என்று தெரியும். அது படம் பிடிக்கிறதென்று நான் நினைக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இயக்குநர் கும்பிட்டபடி ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. அன்று சாயங்காலமே ஆப்பிள் பையோடு லயத்துக்கு வந்து, அக்காவின் காலைத் தொடப் போனார். எல்லாம் சொன்னார். கேமரா ஓடியதை மட்டும் சொல்லவில்லை.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார்

சிவலிங்கம் அண்ணன் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர். தூசி நெஞ்சைத் தின்றுவிட்டது என்பார்கள். அந்த நாட்களில் ஆள் பிடிக்காமல் எழுந்து உட்காரவே முடியாது. நுவரெலியா சீசனில் வாங்கிய மஞ்சள் நிறக் குரங்குக் குல்லா ஒன்று எப்போதும் தலையில் இருக்கும். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும்.

அன்று அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். அக்கா இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"குல்லாவக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு நல்லா தூங்குனாரு டீச்சர். நான் தொட்டதுக்கப்புறந்தான் முழிச்சாரு. 'என்னா புள்ள, வெள்ளனே வந்துட்ட?'ன்னு கேக்குறாரு. நல்லவேளை டீச்சர். தன்னோட சாவுத் தப்பத் தானே கேக்குற கொடும அவருக்கு வரல்ல."

சொல்லும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார். அந்த நாளில் அவருக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் அது.

சில மாதங்களில் அண்ணன் போய்விட்டார். அதே காத்தமுத்து அண்ணன்தான் அடித்தார். அடித்த கை ஒழுங்காக விழவில்லை. அன்று பொய்யாக அடித்த அடிதான் ஆளைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று லயம் பேசியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் யார் முகத்தையும் நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சுவரில் மாலை போட்டிருந்த அண்ணனின் படம், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. போட்டோக் கடைக்காரர் அதற்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டிருந்தார். அக்காவிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பட்டப்பகலில்

தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வந்ததும் போனில் விமர்சனங்களைத் தேடினேன். யாராவது ஒருத்தருக்காவது அந்த அலறல் நிஜம் என்று தோன்றியிருக்குமா என்று பார்க்கத்தான். ஒரு மேதாவி அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். "சாம்பல் நிறத்துக்கு நடுவுல ஒரு மஞ்சள் புள்ளி வருது பாருங்க. அதுதான் ஹீரோவோட குற்றவுணர்வு. மாஸ்டர் டச்!" எந்தப் புள்ளியோ, எனக்கு அக்காவின் வாயைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. போனை அணைத்தேன்.

என் அதிர்ச்சி எதில் என்றால், திருடியவன் அயோக்கியன் இல்லை என்பதில்தான். பெண்ணின்மேல் பழி போடும் பழைய கதையைத் திருத்த வந்தவன், ஒரு பெண்ணின் நெஞ்சு வெடித்த சத்தத்தை அவளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருட்டில் இல்லை. அவன் சொன்னபடியே பட்டப்பகலில்.

இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர்! படம் பாத்தீங்களா?"

"புஷ்பம் அக்காவப் பாத்தேன்."

"கட் சொல்ல வாய் வரல டீச்சர். அது நிஜம். எந்த நடிகையாலயும் அதைப் பண்ண முடியாது."

"நிஜம்னா அது உங்களுது இல்ல தம்பி. அவங்களுது."

இன்னும் நிறையப் பேசினேன். அச்சில் ஏற்ற முடியாது. கடைசியில் அவர் உடைந்த குரலில் சொன்னார். தியேட்டரில் ஓடுவதை ஒன்றும் செய்ய முடியாது. இணையத்துக்குக் கொடுக்கும் பிரதியில் அந்தக் காட்சியை எடுத்துவிடுகிறேன். எடுத்ததும் கூப்பிடுகிறேன்.

அந்த நேரத்தில்தான் லயத்திலிருந்து சேதி வந்தது. தங்கள் தோட்டம் வந்த படமென்று, ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக்கொண்டு எல்லாரும் அட்டனுக்கு வருகிறார்கள். அக்காவும் வருகிறார்.

பஸ் ஏறி ஓடினேன். படம் நன்றாக இல்லை என்றேன். தலைவலி வரும் என்றேன். சத்தம் ஜாஸ்தி என்றேன்.

"நம்ம தோட்டத்தப் படத்துல பாக்க வேணாமா டீச்சர்?" என்று சிரித்தார் அக்கா. "அவரு போனதுக்கப்புறம் நான் எங்கயும் போகல்ல."

மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். நீங்கள் ஓடி வந்ததைப் படத்தில் வைத்திருக்கிறார்கள் என்றேன். அக்காவின் முகம் செத்துப்போனது. அடுப்பில் கேத்தல் கொதித்து வழிந்தது, அவர் எழுந்து போய் இறக்கவில்லை.

"நான் கத்துனதயுமா?"

"ஆமாங்கக்கா."

"ஊரே கேட்டுச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா எழுந்து கேத்தலை இறக்கிவிட்டு, "அப்ப நானும் கேக்குறேன்" என்றார்.

இரண்டு தடவை

ஞாயிற்றுக்கிழமை மதியம். லயத்து ஜனம் இரண்டு வரிசையை நிறைத்துவிட்டது. "அந்தா நம்ம பீலி!" "ஐயோ, நம்ம கோயில் மரம்!" படத்துக்குள் இருந்த பயமெல்லாம் இவர்கள் சிரிப்பில் அடிபட்டுப் போனது. செத்தவன் குரல் கதை சொல்லத் தொடங்கியபோது, "செத்தவரு எப்பிடிப் பேசுறாரு?" என்று ஒரு கிழவர் சத்தமாகக் கேட்டார்.

தப்பு கேட்டது. சிரிப்பு நின்றது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அலறல் வந்தது. "ஐயோ, நம்ம புஷ்பம்" என்று யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முன்னால் குனிந்தார். காட்சி முடியும் தறுவாயில் என் கையை உதறிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சர், அவரு."

"யாருக்கா?"

"இஸ்தோப்புல. மஞ்சக் குல்லா."

எனக்கு விளங்கவில்லை. அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு மானேஜரிடம் போனார். மறுபடி அந்த இடத்தைப் போடச் சொல்லி அக்கா சிங்களத்தில் மன்றாடினார். "ஆய தான்ன பே, நோனா" என்று மானேஜர் கையை விரித்தார். திருப்பிப் போட முடியாதாம். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார்.

படம் முடிந்ததும் மற்றவர்கள் கடைவீதிக்குப் போனார்கள். நாங்கள் அதே இருக்கையில் இருந்தோம்.

இந்தத் தடவை நான் ஓடுகிற பெண்ணைப் பார்க்கவில்லை. திரையின் இடது ஓரத்தைப் பார்த்தேன். பாதை இறங்கி முடியும் இடத்தில் லயம். லயத்து ஜனமெல்லாம் படப்பிடிப்பு பார்க்க மறுபக்கம் போயிருந்ததால், வரிசையாக ஆளில்லாத வாசல்கள். ஒரே ஒரு வாசலில், வீட்டின் முன் இஸ்தோப்பில், தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த உருவம். சாயம் போக்கிய அந்தப் படத்தில் அவர் குல்லாவின் மஞ்சள் மட்டும் மிச்சம் இருந்தது.

மற்றக் கையை மலையைப் பார்த்து உயர்த்தி ஆட்டுகிறார். இருக்கிறேன், இருக்கிறேன் என்பதுபோல. பிறகு தூணை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வைக்கிறார். அங்கே காட்சி முடிந்துவிடுகிறது.

முதல் தடவை கத்தியவள் நான். இந்தத் தடவை எனக்குச் சத்தமே வரவில்லை.

எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்கிறார். தன் சாவுத் தப்பைக் கேட்டிருக்கிறார். தனக்காகப் பெண்சாதி போட்ட ஓலத்தையும் கேட்டிருக்கிறார். ஆள் பிடிக்காமல் உட்காரக்கூட முடியாத மனிதர், எழுந்து வாசல்வரை வந்திருக்கிறார். பாதையில் நாங்கள் அக்காவைப் பிடித்து வைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே திரும்பிப் போயிருக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டிருக்கிறார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நடிச்சிருக்காரு டீச்சர்" என்றார் அக்கா. கன்னம் நனைந்திருந்தது. "தூங்குற மாதிரி நடிச்சு என்னய ஏமாத்திட்டாரு மனுசன். எனக்காக எந்திரிச்சு வந்திருக்காரு, நான் கண்டுக்கவே இல்லையே."

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. வேன் வரும்வரை கடையோரம் நின்றோம். என் போன் அடித்தது. இயக்குநர்.

"டீச்சர், எடிட் ரூம்ல இருக்கேன். அந்த ஷாட்டை இப்ப தூக்கிடறேன். அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் அன்றும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை. விஷயத்தைச் சொல்லி, போனை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் கத்துறத எடுத்துருங்க. அவரு நிக்கிறத மட்டும் எடுத்துறாதீங்க."

மறுமுனையில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மஞ்சள் புள்ளி யாரென்று நான் எட்டிச் சொன்னேன். எடுத்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. மெதுவாகக் குரல் வந்தது. இரண்டும் ஒரே காட்சி அக்கா, உங்களை வெட்டினால் அவரும் போய்விடுவார்.

அக்கா ஈரத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

"அப்ப நானும் கூட இருந்துட்டுப் போறேன்" என்றார்.